சேறு தின்ற தகடு

கார் கழுவுகிறவரைச் சற்று நின்று கவனித்துப் பாருங்கள். கூரையிலிருந்து தொடங்குவார். கண்ணாடி, கதவு, முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் பளபளக்கும். டயரைக்கூடத் தேய்த்துக் கறுப்பாக்கிவிடுவார். ஆனால் டயருக்கு மேலே, மட்கார்டின் உட்புறத்தில் ஒரு குழிவு இருக்கிறதே, அதற்குள் கையை விடுகிறவர்கள் சிலரே. குனிந்தால்தான் தெரியும் இடம் அது. கண்ணில் படாத இடத்தைக் கழுவி என்ன பயன் என்ற எண்ணம்!

உண்மையில், காரின் மேனியிலேயே மிகுதியாக அடிபடும் பகுதி இந்தச் சக்கரக் குழிவுதான். சக்கரம் சுழலும்போது சாலையிலுள்ள நீர், மணல், பொடிக்கல், தார்த்துளி அனைத்தும் அங்கேதான் வீசப்படுகின்றன. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், பனி பொழியும் நாடுகளில் ஏராளமான கார்கள் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கும்போதே பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. உடல் துருப்பிடித்துப் போனதே காரணம். அந்தத் துரு முதலில் குடிபுகுந்த இடங்களுள் சக்கரக் குழிவு முக்கியமானது. அதைக் கழுவுவது, அதற்குப் பூச்சுப் பூசுவது என்ற சிறிய காரியத்துக்குப் பின்னால் வேதியியலும் தொழில்நுட்பமும் வணிகமும் கலந்த ஒரு வரலாறு இருக்கிறது.

திறந்த மட்கார்டும் மூடிய குழிவும்

சேற்றைத் தடுக்கும் கவலை காருக்கு முன்பே பிறந்தது. குதிரையின் குளம்புகள் வாரி இறைக்கும் சேறு, வண்டியில் இருப்போர் மேல் படாமலிருக்க முன்பக்கத்தில் ஒரு பலகையை வைத்தார்கள். அதற்கு டாஷ்போர்டு என்று பெயர். இன்று ஓட்டுநர் முன்னால் வேகமானி பதித்திருக்கும் பகுதிக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சக்கரங்களுக்கு மேலே வளைந்த காப்புகளும் இருந்தன. குதிரை போய் எஞ்சின் வந்த பிறகும் அவை போகவில்லை.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் உற்பத்தியான ஃபோர்டு 'மாடல் டி' காரை எடுத்துக்கொள்வோம். அதன் மட்கார்டுகள் உடலிலிருந்து விலகி நிற்கும் தனித் தகடுகள். மேற்புறத்தைப் போலவே உட்புறமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஒரு வாளி நீரை வீசினால் சேறு கரைந்துவிடும். துருப்பிடித்தாலும் திருகாணிகளைக் கழற்றிவிட்டுப் புதிய மட்கார்டை மாட்டிக்கொள்ளலாம். வண்டியின் பாரத்தைத் தாங்குவது கீழேயுள்ள கனத்த சட்டம். ஆகவே மட்கார்டு துருப்பிடிப்பது அழகுக்குக் கேடே தவிர, உயிருக்குக் கேடன்று.

1930களிலிருந்து இந்த நிலை மாறத் தொடங்கியது. 1934இல் பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் வெளியிட்ட 'டிராக்ஷன் அவான்' போன்ற கார்களில் தனிச் சட்டம் இல்லை. தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து, உடலையே பாரம் தாங்கும் கூடாக அமைத்தார்கள். எடை குறைந்தது, உறுதி கூடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மட்கார்டுகளும் உடலோடு இணைந்துவிட்டன. வெளித்தோற்றம் வழவழப்பாயிற்று. ஆனால் உள்ளே, மடிப்பும் விளிம்பும் இடுக்கும் நிறைந்த ஒரு குகை உருவாயிற்று.

எர்ல் மக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்த முன்சக்கர ஏற்பாடு 1950ஐ ஒட்டி வழக்கத்துக்கு வந்தது. சுருள்வில்லும் அதிர்வுதாங்கியும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு இது. அந்தத் தூணின் மேல்நுனி, சக்கரக் குழிவின் உச்சித் தகட்டில்தான் பொருந்துகிறது. அதாவது, காரின் முன்பக்க எடை அந்தத் தகட்டின் வழியேதான் சக்கரத்துக்கு இறங்குகிறது. அங்கே துரு தின்றுவிட்டால் என்ன ஆகும்? பள்ளத்தில் சக்கரம் விழும்போது தூண் தகட்டைப் பொத்துக்கொண்டு மேலே வரலாம். முன்பு அழகுப் பிரச்சினையாக இருந்தது இப்போது பாதுகாப்புப் பிரச்சினையாயிற்று. பிரிட்டனில் நடக்கும் ஆண்டுச் சோதனையில், சக்கர அமைப்பு உடலோடு சேரும் இடங்களைச் சுற்றி 30 செ.மீ. வரை துரு உள்ளதா என்று பார்க்கும் விதி இதனால்தான் ஏற்பட்டது.

சாலைக்கு வந்த உப்பு

தகட்டின் அமைப்பு மாறிய அதே காலத்தில் சாலையும் மாறியது. பனி உறைந்த சாலையில் டயர் வழுக்கும். உப்பைத் தூவினால் நீரின் உறைநிலை தாழும், பனிக்கட்டி இளகிவிடும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1938இல் இதைச் சோதனையாகச் செய்து பார்த்தார்கள். 1941-42 குளிர்காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தூவப்பட்ட உப்பு மொத்தம் 5,000 டன்தான். 1955இல் அது சுமார் 10 லட்சம் டன்னாயிற்று. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய ஒரு கோடி டன்னை எட்டியது.

உப்பினால் விபத்துகள் குறைந்தன. குளிர்காலத்திலும் போக்குவரத்து நிற்காமல் நடந்தது. இந்த நன்மையை யாரும் மறுக்க இயலாது. ஆனால் இளகிய உப்புநீர் சும்மா இருக்குமா? சக்கரம் அதை வாரி எடுத்துத் தன் தலைக்கு மேலிருந்த குகைக்குள் ஆயிரக்கணக்கான முறை தெளித்தது.

சேற்றுக்கு அடியில் நடப்பது என்ன?

இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் வேண்டும் என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. தகட்டின் மேல் சேறு கனமாக அப்பிக்கொண்டால் காற்று உள்ளே புகாது. பிராணவாயு குறைந்த அந்த இடம் துருவிலிருந்து தப்ப வேண்டுமல்லவா? ஆனால் பட்டறையில் காய்ந்த சேற்றைச் சுரண்டினால், சேற்றுக்கு அடியில்தான் தகடு அரித்துப்போய்க் கிடக்கும். இது எப்படி?

இந்தப் புதிருக்கு விடை கண்டவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூலிக் எவன்ஸ் (1889-1980). உலோக அரிமானம் அடிப்படையில் மின்வேதி நிகழ்ச்சியே என்பதை 1920களில் எளிய சோதனைகளால் அவர் விளக்கினார். அவற்றுள் ஒன்றை மாணவர்கள் ஆசிரியரின் துணையுடன் பள்ளி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம்.

உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தமாக்கிய ஓர் இரும்புத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்த்த உப்புக் கரைசலில் சிறிது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் சில துளி பினாப்தலீனும் கலந்து, அதில் ஒரு பெரிய சொட்டைத் தகட்டின்மேல் விடுங்கள். சிறிது நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமாகும், ஓரம் இளஞ்சிவப்பாகும். இரும்பு கரைந்து அயனியாகும் இடத்தை நீலம் காட்டுகிறது. பிராணவாயு எலெக்ட்ரான்களைப் பெற்று ஹைட்ராக்சைடு அயனியாகும் இடத்தை இளஞ்சிவப்பு காட்டுகிறது. நாளடைவில் இவ்விரண்டுக்கும் நடுவே பழுப்பு வளையமாகத் துரு தோன்றும்.

சொட்டின் ஓரத்தில் நீர் மெல்லிய படலமாக இருப்பதால் காற்று எளிதில் கரைகிறது. நடுவில் ஆழம் அதிகம்; காற்று எட்டுவது கடினம். காற்று கிடைக்கும் ஓரம் எதிர்மின்முனையாகவும், கிடைக்காத நடுவிடம் நேர்மின்முனையாகவும் மாறி, தகடே ஒரு சிறு மின்கலமாகிவிடுகிறது. கரைவது நேர்மின்முனை. ஆக, பிராணவாயு ஓரிடத்தில் வேலை செய்ய, இரும்பு இன்னோர் இடத்தில் அழிகிறது. உப்பு அயனிகள் மின்சாரம் பாய வழியைச் சுலபமாக்கி இந்த அழிவை விரைவுபடுத்துகின்றன.

சொட்டின் நடுவிடத்துக்குப் பதிலாக மட்கார்டில் ஒட்டிய சேற்றை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கம் தானே கிடைத்துவிடும். காற்றுப் படாமல் சேற்றால் மூடப்பட்ட தகடுதான் கரைகிறது. மேலும், சேறு ஈரத்தை விடாது. அடிபட்ட இடத்தில் வைத்தியர் பற்றுப் போடுவது மருந்தின் ஈரம் நெடுநேரம் நிற்க வேண்டும் என்பதற்காக. உப்புச் சேறும் அப்படியே ஒரு பற்றுத்தான். வெயிலில் காரின் மற்றப் பகுதிகள் காய்ந்த பிறகும் குழிவுக்குள் நாட்கணக்கில் ஈரம் இருக்கும். குளிர்நாடுகளில் காரை இரவில் வெதுவெதுப்பான கொட்டகைக்குள் நிறுத்துவது நல்லது என்று பலர் நினைத்தனர். உப்பைக் கழுவாமல் அப்படி நிறுத்தினால் வெப்பம் வேதிவினையைத் தூண்டி, துரு இன்னும் வேகமாக ஏறுகிறது.

தாரும் மெழுகும்

நோய் தெரிந்தது. மருந்து? முதலில் கையில் எடுத்தது தார். தாரும் கல்நாரும் கலந்த கனமான பூச்சைக் காரின் அடிப்புறத்திலும் சக்கரக் குழிவுகளிலும் அப்பினார்கள். புதிய கார் வாங்கும்போது தனிக் கட்டணம் பெற்று இதைச் செய்துகொடுப்பது அமெரிக்காவில் பரவலாயிற்று. கல் தெறிக்கும் ஓசை குறைந்தது. பார்ப்பதற்கும் கறுப்பாக, உறுதியாகத் தோன்றியது.

ஆனால் சில ஆண்டுகளில் தார் காய்ந்து வெடித்தது. வெடிப்பின் வழியே உப்புநீர் உள்ளே புகுந்தது. புகுந்தது வெளியே வர வழியில்லை. எவன்ஸ் காட்டிய அதே நிலைமை, இப்போது சேற்றுக்குப் பதிலாகப் பூச்சுக்கு அடியில் ஏற்பட்டது! மேலே பூச்சு முழுதாக இருக்கும். விரலால் அழுத்தினால் தகடு பொடியாய் உதிரும். கழுவாத, காயாத தகட்டின்மேல் பூசியிருந்தால் கேடு இன்னும் விரைவாக வந்தது. காப்பாகப் பூசியதே மறைப்பாக முடிந்தது.

கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டில் 1959இல் கர்ட் ஸீபார்ட் என்ற மெக்கானிக் வேறொரு வழியைத் தொழிலாக்கினார். கதவு, விளிம்பு, மடிப்பு ஆகியவற்றின் மறைவிடங்களை எட்டுவதற்குச் சிறு துளைகளிட்டு, நீண்ட குழல்களின் மூலம் மெழுகு போன்ற பொருளை உள்ளே பீய்ச்சினார். இறுகி வெடிக்கும் தாரைப் போலன்றி, மெழுகு இளகிய நிலையிலேயே இருந்து இடுக்குகளில் படர்ந்தது, நீரை விலக்கியது. காரைத் தயாரிப்பவர் செய்யாத வேலையை மற்றொருவர் செய்து அதையே ஒரு தொழிலாக வளர்க்க முடிந்தது என்றால், அன்றைய கார்களின் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு மட்கார்டின் விலை

இந்த அலட்சியத்துக்கு விலை கொடுக்கும் நாளும் வந்தது. கிரைஸ்லர் நிறுவனம் 1976ஆம் ஆண்டு மாதிரிகளாக ஆஸ்பன், வொலாரே என்ற கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில குளிர்காலங்களிலேயே அவற்றின் முன் மட்கார்டுகளைத் துரு உள்ளிருந்து துளைத்து வெளியே வந்தது. கார் வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். 1976, 1977ஆம் ஆண்டு மாதிரிகளின் துருப்பிடித்த மட்கார்டுகளைத் தன் செலவிலேயே மாற்றித் தருவதாக, 1980இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்திடம் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அப்போது கிரைஸ்லரின் தலைவராக இருந்த லீ அயகோக்கா 1984இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். மட்கார்டு மாற்றிய செலவு 10 கோடி டாலருக்கும் அதிகம் என்று அதில் குறிப்பிடுகிறார். அரசின் கடன் உத்தரவாதத்தை நம்பி நிறுவனம் உயிர் பிழைத்துக்கொண்டிருந்த காலம் அது!

உப்பை மிகுதியாகப் பயன்படுத்தும் கனடாவில், கார் வாங்கியபின் எத்தனை ஆண்டுகள் வரை தகட்டில் துளை விழாதிருக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் நெறிமுறையை 1978இல் அரசு வெளியிட்டது. துரு இயற்கையின் விதி, வாங்கியவரின் தலைவிதி என்று கைகழுவிய காலம் முடிவுக்கு வந்தது.

தகடே மாறியது

விஞ்ஞானம் இதற்கான விடையை நெடுநாள் முன்பே வைத்திருந்தது என்பதுதான் வியப்பு. 1824இல் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் கப்பல்களின் அடியிலுள்ள செப்புத் தகட்டைக் கடல்நீர் அரிக்காமலிருக்க, அதனோடு துத்தநாகம், இரும்பு ஆகியவற்றின் துண்டுகளை இணைத்துக் காட்டினார். செம்பைவிட எளிதில் கரையும் உலோகம் தான் அழிந்து செம்பைக் காத்தது. 1837இல் பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சோரல், இரும்பை உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீட்டு வாளியிலும் கூரைத் தகட்டிலும் உள்ள பூச்சு அதுதான். கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும் துத்தநாகமே முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். தாராலும் சாயத்தாலும் இது இயலாது.

வாளிக்குக் கிடைத்த காப்பு காருக்குக் கிடைக்க ஏன் இவ்வளவு தாமதம்? துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைப்பதும் அதன்மேல் வழவழப்பாகச் சாயம் ஏற்றுவதும் கடினமாக இருந்தன, செலவும் கூடுதல். இத்தடைகளைத் தாண்டி 1975இல் போர்ஷ நிறுவனம் தன் 911 காரின் உடலுக்குத் துத்தநாகம் தோய்த்த தகட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1985இல் ஆடி 100 காரின் உடல் முழுவதும் அவ்வாறே அமைந்தது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

சாயம் ஏற்றும் முறையும் மாறியது. ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவரின் குழு உருவாக்கிய மின்முறைப் பூச்சு 1960களில் வழக்கத்துக்கு வந்தது. கார் உடலை முழுவதுமாகச் சாயத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சினால், கை எட்டாத இடுக்குகளிலும் சாயத்துகள்கள் போய்ப் படியும். 1970களின் பிற்பகுதியில் உடலையே எதிர்மின்முனையாக்கும் முறை வந்தபின் இது துருவை மேலும் நன்றாகத் தடுத்தது. கடைசியாக, குழிவுக்குள் பிளாஸ்டிக் உறை ஒன்றைப் பொருத்தும் வழக்கமும் பரவியது. கல்லும் சேறும் இப்போது பெரும்பாலும் தகட்டில் படாமல் உறையில் படுகின்றன.

இன்றும் தேவைதானா?

இவ்வளவு வந்த பிறகும் குழிவைக் கழுவ வேண்டுமா? வேண்டும். உறைக்கும் தகட்டுக்கும் இடையே மண்ணும் உலர்ந்த இலையும் போய்த் தங்குகின்றன. மட்கார்டின் விளிம்பு உள்நோக்கி மடிந்திருக்கும் இடத்தில் இன்றும் சேறு அடைகிறது. கல் பட்டுச் சாயம் பெயர்ந்த புள்ளியிலிருந்து துரு இன்றும் தொடங்கலாம்.

ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் கெர்ஷர் 1950இல் வெந்நீரை உயரழுத்தத்தில் பீய்ச்சும் கழுவு எந்திரத்தை உருவாக்கினார். 1984இல் அவர் பெயரிலுள்ள நிறுவனம் வீட்டில் பயன்படுத்தும் சிறு எந்திரத்தையும் கொண்டுவந்தது. நம் ஊர் 'வாட்டர் சர்வீஸ்' கடைகளில் காரைத் தூக்கி நிறுத்தி அடிப்பதும் அத்தகைய உயரழுத்த நீர்தான். அது நல்லதே. ஆனால் முனையை மிக நெருக்கமாகப் பிடித்தால் சாயம் பெயரும். பிரேக் குழாய், மின்கம்பி, ரப்பர் உறை ஆகியவற்றின்மேல் நேராக அடிக்கக் கூடாது. காய்ந்து இறுகிய சேற்றை முதலில் நனைத்து ஊறவைத்து, பிறகு நீண்ட தூரிகையால் தேய்ப்பது மேல். ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பினால் முன் குழிவின் மூலைகள் எட்டும். மடிந்த விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கேதான் மண் ஒளிந்திருக்கும்.

கழுவியபின் நன்றாகக் காயவிட்டு, சாயம் பெயர்ந்த இடங்களைத் தேடுங்கள். துருப் புள்ளி இருந்தால் சுரண்டிச் சுத்தமாக்கி, துருத் தடுப்புச் சாயமும் அதன்மேல் மெழுகுப் பூச்சும் இடலாம். பளபளப்புத் தைலம் கடைசியில்தான். சிலிகோன் கலந்த அத்தைலங்கள் பிளாஸ்டிக் உறைக்குக் கருமையும் மினுமினுப்பும் தரும். சேறு ஒட்டுவதும் சற்றுக் குறையும். தகட்டின் துருவை அவை தடுக்கா. பிரேக் தட்டிலோ டயரின் தரைபடும் பகுதியிலோ அது ஒரு துளியும் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது, டயர் வழுக்கும்.

தமிழ்நாட்டில் சாலைக்கு உப்புத் தூவுவதில்லை. ஆனால் கடற்காற்றே உப்பைச் சுமந்து வருகிறது. நீண்ட கடற்கரையுடைய நம் நாட்டுக்கு அரிமானம் எவ்வளவு பெரிய எதிரி என்பதை உணர்ந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். வள்ளல் அழகப்ப செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அரிமான ஆய்வைத் தன் முக்கியப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. கடற்காற்று உலோகத்தை எப்படி அரிக்கிறது என்பதை ஆராய மண்டபத்திலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு.

சேறும் தாரும் வேறு வேறு பொருள்கள். ஆனால் இரண்டும் தகட்டுக்குச் செய்த கேடு ஒன்றே: ஈரத்தை உள்ளே வைத்து மேலே மூடின. எனவே கழுவுதல், காயவைத்தல், பிறகு பூசுதல் என்ற வரிசை மாறக் கூடாது. அடுத்த முறை காரைக் கழுவும்போது முதல் வாளி நீரைக் கூரைக்கு ஊற்றாமல், குனிந்து, சக்கரத்துக்கு மேலேயுள்ள அந்தக் குழிவுக்கு ஊற்றுங்கள்.